பதினேழாம் எண் வீட்டுக் களாச்செடிகள்

மார்ச் மாதம் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, மூன்றாம் குறுக்குத் தெரு பதினேழாம் எண் வீட்டுக் கேட்டில் குடியிருப்போர் சங்கத்தின் அறிவிப்பு ஒட்டப்பட்டது. முன்தோட்டத்தில் உள்ள பதினோரு முட்செடிகளையும் இருபத்தொரு நாட்களுக்குள் அகற்றி, அந்த இடத்தில் புல் பதிக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது.

அந்த வீட்டுக்காரி மதியம் இரண்டு மணிக்கு வேலை முடிந்து வந்தபோதுதான் அதைப் பார்த்தாள். குடிநீர் வாரியத்தில் மீட்டர் கணக்கெடுப்பவள். தெருவில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பதினெட்டு வருடமாக மீட்டரம்மாதான். மீட்டர்க் குழியின் மூடியைத் தூக்கும் இரும்புக் கொக்கியைத் தோளிலிருந்து இறக்கிக் கேட்டில் மாட்டிவிட்டு, அறிவிப்பை மேலிருந்து ஒருமுறையும் கீழிருந்து ஒருமுறையும் படித்தாள். எண்களோடு புழங்குகிறவர்களுக்கு அப்படி ஒரு பழக்கம் வந்துவிடுகிறது. கீழே செயலாளரின் கையெழுத்து இருந்தது. பின்னால் இன்னொரு தாளும் இருந்தது. சங்கத்தின் ஆட்கள் உள்ளே வந்து செடிகளைப் பிடுங்க வீட்டு உரிமையாளர் சம்மதம் தரும் படிவம்.

செயலாளர் வேறு யாருமில்லை, அவள் கணவனின் அக்காள். எதிர் வீடு.

மீட்டரம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் தெருவைக் கடந்தாள்.

"அண்ணி, இதுல இருக்கற கையெழுத்து உங்களுதா?"

"உள்ள வா முதல்ல. வெயில்ல நின்னுக்கிட்டே சண்டை போடாதே."

"சண்டை போட வரல. கேக்க வந்தேன்."

"என்னுதுதான். செயலாளர் நான்தானே, பின்ன பக்கத்து வீட்டுக்காரனா போடுவான்?" நாத்தனார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். "பதினாலு வருஷமா அந்த நாற்காலியில ஆம்பளைங்கதான் உட்கார்ந்திருந்தாங்க. நான் உட்கார்ந்து ஏழு மாசம் ஆகல. போன கூட்டத்துல தலைவர் அத்தனை பேர் முன்னாடியும் கேக்கறார். 'தெருவுக்கெல்லாம் நோட்டீஸ் அனுப்பறீங்க, எதிர் வீட்டுக் காடு மட்டும் உங்க கண்ணுல படலையா'ங்கறார். நான் மூஞ்சிய எங்க கொண்டு போய் வச்சுக்கறது?"

"காடா? பதினோரு செடி, அண்ணி."

"முள்ளுச் செடி! நாளைக்கு வழியில போறவன் சட்டை கிழிஞ்சா யார் பதில் சொல்றது?"

"சுவருக்கு உள்ள நாலடி தள்ளி நிக்குது. சட்டை கிழியணும்னா அவன் சுவர் ஏறிக் குதிச்சாத்தான் உண்டு. குதிக்கறவனுக்குக் கிழியட்டுமே."

நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்கிக்கொண்டு, "உன் வாய்க்கு முன்னாடி அந்த முள்ளு தேவலாம்," என்றார். "இந்தா பாரு, விதி ஒன்பது. முன்தோட்டத்துல புல்லு, இல்லாட்டி சங்கம் ஒத்துக்கிட்ட அழகுச் செடி. உன் களாவும் சூரையும் அந்தப் பட்டியல்ல இல்ல. வேணும்னா பின்பக்கம் பிடுங்கி வச்சுக்கோ."

"பின்பக்கம் சிமெண்ட் தரை. மண்ணு இருந்தாலும் நாலு வருஷச் செடியைப் பிடுங்கினா அது செத்துடும். ஆணிவேர் இறங்கியாச்சு."

"அப்ப போகட்டும். செடிதானே?"

 மீட்டரம்மா திரும்பி வந்து, அறிவிப்பைக் கேட்டிலிருந்து உரித்து நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

செடிதானே என்று விட்டுவிட முடியாததற்கு ஒரு காரணம் இருந்தது. ஊர் எல்லையில் வாரியத்தின் பழைய பம்ப் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சரிவு. அங்கே யாரும் நடாமல், யாரும் தண்ணீர் விடாமல், களாவும் சூரையும் புதர் புதராக மண்டியிருந்தன. மாதத்துக்கு ஒருமுறை அங்குள்ள பெரிய மீட்டரைப் பார்க்கப் போகும்போதெல்லாம் கை நிறையப் பறித்துத் தின்றபடி வருவாள். முதலில் ரோஜா நிறத்தில் இருந்து பிறகு கறுத்துப்போகும் களாப்பழம், மிளகைவிடக் கொஞ்சம் பெரிதான கறுப்புச் சூரைப்பழம். உதடெல்லாம் பால் ஒட்டும். அந்தச் சரிவை வழித்து வாகன நிறுத்தமாக்கப் போகிறார்கள் என்று தெரிந்த வருடம் ஒரு டப்பா நிறைய விதை சேர்த்தாள். மிளகாய் விதையைக் காய வைப்பதுபோல ஒரு வாரம் வெயிலில் காயவைத்து, பாட்டிலில் அடைத்து, மழை வந்ததும் விதைத்தாள். களாவில் ஒன்றுகூட முளைக்கவில்லை. பழத்திலிருந்து எடுத்த ஈரத்தோடு மண்ணுக்குள் போக வேண்டிய விதை அது. காய்ந்தால் செத்துவிடும் என்பது அவளுக்கு அப்போது தெரியாது.

மறுவருடம் சரிவின் ஓரத்தில் மூன்று புதர்கள்தான் மிச்சம் இருந்தன. பழத்தைப் பிதுக்கி, அங்கேயே உட்கார்ந்து, விரிசல் விட்டு ஒதுக்கிய பிளாஸ்டிக் மீட்டர் மூடிகளில் மண்ணை நிரப்பி விதைத்தாள். சூரை விதை கல்மாதிரி. சுத்தியலால் லேசாகத் தட்டி மேலோட்டில் விரிசல் உண்டாக்க வேண்டியிருந்தது. பாதி நசுங்கிப் போயிற்று. முளைத்ததில் பிழைத்தவை ஏழு களா, நாலு சூரை. விதைத்த அடுத்த மாதம் மீட்டர் பார்க்கப் போனபோது சரிவு முழுக்கத் தார் போட்டிருந்தார்கள். போன ஜூலையில் ஒரே ஒரு களாச்செடி முதல்முறையாகக் காய்த்தது. இந்த மார்ச்சில் ஏழும் வெள்ளையாகப் பூத்து நின்றன. விதையைச் சேமித்து வைக்க முடியாது. இவை போனால் அந்தச் சரிவின் வித்து அத்தோடு போயிற்று.

அவள் கணவன் தரையில் ஓடு பதிப்பவர். நாள் முழுக்க முழங்காலில் நிற்பதாலோ என்னவோ, யாரோடும் நிமிர்ந்து நின்று வாதாடாத மனிதர். சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தபோது சம்மதப் படிவம் தண்ணீர்க் கூஜாவுக்கு அடியில் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்.

"அக்கா ஃபோன் பண்ணினா."

"தெரியும். நீங்க பேசும்போது நாலு தடவை 'சரிக்கா' சொன்னது தெரு முனை வரைக்கும் கேட்டுச்சு."

"அவ என்னைத் தூக்கி வளர்த்தவ. நான் எப்படி எடுத்தெறிஞ்சு பேசறது?"

"பேச வேண்டாம். கையெழுத்துப் போடாம இருந்தாப் போதும். வீடு உங்க பேர்ல இருக்கு. நீங்க போடலைன்னா யாரும் உள்ள கால் வைக்க முடியாது."

"கேட்டுக்குப் பக்கத்துல இருக்கற ரெண்டை மட்டும் எடுத்துட்டா? அவளுக்கும் ஒரு மரியாதை..."

"அந்த ரெண்டுலதான் பூ அதிகம். நீங்க ஒரு கூடம் முழுக்க ஓடு பதிச்சு முடிச்சதும், 'வாசல்கிட்ட ரெண்டு மட்டும் பேத்துடுப்பா, அக்காவுக்கு மரியாதை'ன்னு வீட்டுக்காரன் சொன்னா என்ன பண்ணுவீங்க?"

"சொன்னவன் தலையிலயே ஒண்ணு பதிப்பேன்."

"அதான்."

அவர் கூஜாவைத் தூக்கித் தண்ணீர் குடித்தார். படிவத்தைத் தொடவில்லை. திரும்பக் கூஜாவை அதன்மேலேயே வைத்தார்.

அந்த மாதம் தண்ணீருக்குக் கட்டுப்பாடு. ஒருநாள் விட்டு ஒருநாள், காலையில் ஒரு மணி நேரம். தோட்டத்துக்குக் குழாய் போடக் கூடாது என்று வாரியம் தட்டி வைத்திருந்தது. ஆனால் மீட்டருக்குப் பொய் சொல்லத் தெரியாது. வெள்ளிக்கிழமை சங்கத் தலைவரின் வீட்டு மூடியைக் கொக்கியால் தூக்கி, டார்ச் அடித்துப் பார்த்தாள். ஒரு மாதத்தில் அறுபத்தொரு யூனிட். யூனிட் என்றால் ஆயிரம் லிட்டர். தலைவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவர். எதற்கெடுத்தாலும் ஒரு காலை அழுத்திக்கொண்டே பேசுவதால் தெருவில் அவருக்குக் கிளட்ச் என்று பெயர். அவர் வீட்டுப் புல் அந்த வறட்சியிலும் பெயின்ட் அடித்ததுபோல் இருந்தது.

"என்ன மீட்டரம்மா, முள்ளெல்லாம் எடுத்தாச்சா?" என்றார் வராந்தாவிலிருந்து.

"இல்லீங்க சார்."

"நாளை எண்ணிக்கிட்டிருக்கோம்."

"நானும் எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன் சார். அதுக்குத்தானே சம்பளம் வாங்கறேன்."

மூடியைச் சற்றுச் சத்தமாகவே போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

அன்றைக்குக் கணவனிடம் கிளட்ச் கேட்டதைச் சொன்னாள், எண்ணைச் சொல்லவில்லை. அவரே ஊகித்துக்கொண்டார்.

"அவர் வீட்டு ரீடிங்கை மட்டும் கூட்டத்துல நீ சொன்னா, மனுஷன் இடத்தைக் காலி பண்ணிடுவார்."

"மாட்டேன்."

"ஏன்? பொய்யா சொல்லப் போறே?"

"ஒரு வீட்டு நம்பரை இன்னொரு வீட்ல சொல்ல மாட்டேன்னு எழுதிக் கொடுத்துதான் கொக்கியை வாங்கினேன். எந்த வீட்ல எத்தனை பேர் குளிக்கறாங்க, யார் ஊர்ல இல்ல, எந்த வீட்டுக்கு விருந்தாளி வந்து மாசக்கணக்கா இருக்காங்கன்னு எல்லாம் அந்த மூடிக்குள்ள இருக்கு. ஒரு தடவை வாயைத் திறந்தா, அப்புறம் யாராவது என்னைக் கேட்டுக்குள்ள விடுவாங்களா? அந்த நம்பர் என்னுது இல்ல. செடி என்னுது. அதை வச்சு என்ன சண்டை போட முடியுமோ அதைப் போடறேன்."

கூட்டம் முப்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்கு. சங்கக் கூடத்தில் நாற்பத்து மூன்று வீட்டுக்காரர்கள். ஒரு மின்விசிறிதான் சுற்றியது. மற்றது சுற்றுவதுபோலச் சத்தம் மட்டும் போட்டது. கிளட்ச் நடுவில், வலப்பக்கம் நாத்தனார். முன்வரிசையில் நிச்சயம் இடம் பிடிக்கும் பல் டாக்டர் அன்றும் பிடித்திருந்தார். மீட்டரம்மா மூன்றாம் வரிசையில். அவள் கணவன் கதவோரம் சுவரில் சாய்ந்து நின்றார், தரையில் பதித்திருந்த ஓடுகளின் கோணலைப் பார்த்தபடி.

நாத்தனார் தீர்மானத்தைப் படித்தார். மீட்டரம்மாவைப் பேசச் சொன்னார்கள். அவள் எழுந்தாள்.

"இது முள்ளுதான். இல்லைன்னு நான் சொல்லல. இந்த மண்ணுல தானா வளர்ற செடி. ரெண்டு வருஷமா நான் அதுக்கு ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தினதில்ல. போய்ப் பாருங்க, பச்சையா நிக்குது. பூ பூத்திருக்கு. ஜூலையில பழம் தரும். அதைப் பிடுங்கிட்டு, தினமும் தண்ணி குடிக்கற புல்லை நடச் சொல்றீங்க. குடிக்கவே தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருது. நான் நட மாட்டேன்."

பின்வரிசையில் இரண்டு பேர் தலையாட்டினார்கள். கிளட்ச் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் கோப்பிலிருந்து ஒரு துண்டுத் தாளை எடுத்தார்.

"ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தலையாம்!" நாத்தனாரின் குரல் உயர்ந்தது. "இவ எனக்குத் தம்பி பெண்டாட்டி. அதுக்காக நான் பாரபட்சம் பார்க்கறேன்னு யாரும் சொல்லிடக் கூடாது. நேத்து நானே போய், காவலாளியை வச்சு மூடியைத் தூக்கி, அந்த வீட்டு மீட்டரைப் பார்த்தேன். எழுதி வச்சிருக்கேன். நாலு லட்சத்துப் பதினெட்டாயிரத்து முந்நூத்தி இருபத்தாறு யூனிட்! எனக்கு மாசம் பில்லுல வர்றது முப்பத்திநாலு. ஊத்தாமலா இவ்வளவு ஓடுச்சு?"

 பல் டாக்டர் கையைத் தூக்கினார்.

"செயலாளரம்மா, ஒரு யூனிட்னா ஆயிரம் லிட்டர். நீங்க சொல்ற கணக்குப்படி அந்த வீட்ல ஒரு ஏரி இருக்கணும். படகு விடறாங்களா, அதையும் பார்த்தீங்களா?"

சிரிப்பு எழுந்தது. நாத்தனார் சிவந்துபோனார். மீட்டரம்மா சிரிக்கவில்லை. பதினெட்டு வருடத்தில் அந்தத் தப்பைச் செய்த எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறாள். மேடையேறி, சுவரில் இருந்த கரும்பலகையில் எட்டு எண்களை எழுதினாள்: 00418326. கடைசி மூன்றைச் சுற்றி ஒரு கட்டம் போட்டாள்.

"அண்ணி எழுதினது சரி. படிச்சதுதான் தப்பு. மீட்டர்ல கறுப்புல அஞ்சு எண், சிவப்புல மூணு எண் இருக்கும். சிவப்பு, யூனிட்டுக்குள்ள வர்ற லிட்டர். அதைச் சேர்க்கக் கூடாது. அதனால நானூத்திப் பதினெட்டு யூனிட். அதுவும் இந்த மாசத்துக்கு இல்ல. மீட்டர் பொருத்தின நாள்லேர்ந்து. பொருத்தி ஒன்பது வருஷம், நூத்தியெட்டு மாசம். வகுத்துப் பாருங்க. மாசத்துக்கு நாலுக்கும் கம்மி. குடிக்க, குளிக்க, துவைக்க, எங்க ரெண்டு பேருக்கும் எல்லாம் சேர்த்து."

"நாலா?" என்றாள் ஒரு தையல்கடைக்காரி. "எனக்கு இருபத்தெட்டு வருதே?"

"புல்லு இருக்கா அக்கா உங்க வீட்ல?"

"சங்கத்துல சொல்லித்தானே போட்டேன்!"

பல் டாக்டர் கைப்பேசியில் தன் பில்லைத் தேடிக்கொண்டிருந்தார். "எனக்கு நாற்பத்திரண்டு," என்றார், யாரும் கேட்காமலே. "என்ன அநியாயம். நான் ஒருத்தன்தான் இருக்கேன்." அவருக்குப் பின்னால் ஒருவர் முப்பத்தாறு என்றார். இன்னொருவர் முப்பத்தொன்று. பள்ளிக்கூடத்தில் மதிப்பெண் கேட்கிறமாதிரி ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். யாரோ சத்தமாக, "மீட்டரம்மா, தலைவர் வீட்ல எவ்வளவு?" என்று கேட்டார்.

கிளட்சின் கால் மேசைக்கடியில் அழுத்திக்கொண்டிருந்தது.

"சொல்ல மாட்டேன்," என்றாள் மீட்டரம்மா.

"ஏன்? பயமா?"

"பயம் இருந்தா இங்க ஏறியிருக்க மாட்டேன். என் வீட்டு நம்பர் என்னுது, போர்டுல எழுதிட்டேன். உங்க வீட்டு நம்பர் உங்களுது. மூடி உங்க வாசல்லதான் இருக்கு, குனிஞ்சு பாருங்க. தலைவர் வீட்டு நம்பர் வேணும்னா அவரையே கேளுங்க. வாய் இருக்கு அவருக்கு."

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமினார். "இது தண்ணீர்க் கூட்டம் இல்ல. தீர்மானம் முட்செடி பற்றியது. விதி ஒன்பது. வாக்கெடுப்பு."

அதற்குமேல் யாரும் அவரைக் கேட்கவில்லை. தெருவில் அவருக்கு வேண்டியவர்கள் அதிகம். அவர் பள்ளியில் ஓட்டிப் பழகி உரிமம் வாங்கிய பிள்ளைகள் வீட்டுக்கு ஒருவர் இருந்தார்கள். கைகளைத் தூக்கச் சொன்னார்கள். செடிகளை அகற்ற இருபத்துமூன்று. அகற்ற வேண்டாம் என்று இருபது.

"தீர்மானம் நிறைவேறியது," என்றார் கிளட்ச். மூச்சு விட்டார். "செயலாளர், உரிமையாளரிடம் கையெழுத்து வாங்குங்க. இன்னொண்ணும் சொல்லிடுங்க. விதி பதினாலு. கையெழுத்து மறுத்தா அந்த வீட்டுக்குச் சங்கத்தோட குப்பை வண்டி வராது, காவலாளி சுத்து வராது, கூடத்தை உபயோகிக்க முடியாது."

நாத்தனார் புதிய படிவமும் பேனாவுமாகக் கீழே இறங்கி, கதவோரம் நின்ற தம்பியிடம் போனார். கூடமே திரும்பிப் பார்த்தது. மீட்டரம்மா கரும்பலகைப் பக்கத்திலேயே நின்றாள். கூப்பிட்டுச் சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. சொல்லி வாங்குகிற மறுப்பு எத்தனை நாள் தாங்கும்?

"போடுடா," என்றார் நாத்தனார், மெதுவாக. "என் மானத்தைக் காப்பாத்து. இன்னிக்கு அத்தனை பேர் சிரிச்சாங்க."

"சிரிச்சாங்கக்கா. எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு."

"அப்ப போடு."

அவர் பேனாவை வாங்கினார். பார்த்தார். மூடியைப் போட்டு அக்காளின் கையிலேயே திருப்பி வைத்தார்.

"மண்ணுதான்கா என்னுது. செடி அவளோடது. அவளைக் கேளு."

"அவளைக் கேட்டா என்ன சொல்லுவான்னு எனக்குத் தெரியாதா?"

"தெரியுமில்ல? அதையே எழுதிக்கோ."

"குப்பை வண்டி வராதுடா."

"நான் சுமக்கறேன். சிமெண்ட் மூட்டையே சுமக்கறேன், குப்பை என்ன பெரிசு?"

மேடையிலிருந்து கிளட்ச், "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க தம்பி, பின்னாடி வருத்தப்படக் கூடாது," என்றார்.

ஓடு பதிப்பவர் அப்போதுதான் சுவரை விட்டு நிமிர்ந்தார். "யோசிச்சாச்சுங்க. பத்தொன்பது நாளா சோத்துக்கு முன்னாடி அந்தத் தாளை வச்சுக்கிட்டு யோசிச்சேன். போட மாட்டேன். இன்னிக்கும் போட மாட்டேன், அடுத்த கூட்டத்துலயும் போட மாட்டேன். அப்புறம், இந்தத் தரையை எவன் பதிச்சான்? தண்ணி மட்டமே பார்க்கலை."

மீட்டரம்மா பலகையில் எழுதிய எண்களை அழிக்காமல் இறங்கி வந்தாள். இருவரும் சேர்ந்து வெளியேறினார்கள். நாத்தனார் அவர்களைக் கூப்பிடவில்லை. மேடையேறி, நிகழ்ச்சிக் குறிப்பேட்டில், 'உரிமையாளர் கையெழுத்திட மறுத்தார்' என்று தன் கையாலேயே எழுதினார்.

ஏப்ரல் ஒன்றாம் தேதி காலை ஒன்பது மணிக்கு, கடப்பாறையோடு மூன்று ஆட்கள் பதினேழாம் எண் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். மேஸ்திரி கையெழுத்திட்ட படிவத்தைக் கேட்டார். இல்லை என்றதும் பத்து நிமிடத்தில் திரும்பிப் போனார்கள். அன்று முதல் அந்த வீடு சங்கத்தின் சேவைப் பட்டியலில் இல்லை. குப்பையை ஓடு பதிப்பவர் இரண்டு தெரு தள்ளியுள்ள நகராட்சித் தொட்டிக்குச் சைக்கிளில் கொண்டுபோகிறார். நாத்தனார் செயலாளராகத் தொடர்கிறார். தம்பி வீட்டுக்கு வருவதில்லை. விதி ஒன்பது மாற்றப்படவில்லை. ஜூலையில் ஏழு களாச்செடிகளும் காய்த்தன.